ஆளுக்கொரு கதவு

ஒத்தைக் கதவு ஒண்ணு வேணும் தம்பி. முன்வாசலுக்கு. நிலையோட சேத்து.

நாற்காலி வேணாம், நான் நின்னுக்கிட்டே பாக்குறேன். காலைல இருந்து ஒரு எடத்துல இருப்புக் கொள்ளல. பஸ்ஸுலயும் அப்படித்தான், உக்கார எடம் இருந்தும் படிக்கிட்ட நின்னுக்கிட்டே வந்தேன். டீயா? வேணாம். சரி, சொல்றதுன்னா சொல்லுங்க, சக்கரை கம்மியா.

சீனிராஜ்னு பேரு. அருப்புக்கோட்டை. மில்லுல வேலை பாத்து ஓய்வு வாங்கியாச்சு. ஆமா, எங்க ஊர்லயும் கதவுக் கடை இருக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே இருக்கு. இருந்தா இருந்துட்டுப் போகுது. மனுசன் விருதுநகர் வந்து கதவு வாங்கக் கூடாதா? யாவாரம் பண்றவர் கேக்குற கேள்வியா இது?

அளவா? அளவு எடுக்கல தம்பி. கிளம்புற அவசரத்துல விட்டுப்போச்சு. நீங்க கதவைக் காட்டுங்க, அளவை அப்புறம் பாத்துக்கலாம்.

இது தேக்கா? ரெண்டு பக்கமும் யானை நின்னு தண்ணி ஊத்துது. நல்லாத்தான் செதுக்கியிருக்கான். ஆனா இந்த இடுக்குல எல்லாம் தூசி போய் உக்காந்தா யாரு தொடைக்கிறது? என் வீட்டுக்காரி பவளத்துக்குக் குனிஞ்சா நிமிர முடியாது. வேணாம். வேற காட்டுங்க.

என் வீட்டுல இப்ப இருக்குறது பாதிக் கதவு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். எங்க அப்பா கட்டுன வீடு, வாசலுக்கு இரட்டைக் கதவு போட்டார். வலதுபக்கக் கதவு எனக்கு. இடதுபக்கக் கதவு எங்க அண்ணன் பெத்துராஜுக்கு. நிலை ஒண்ணுதான். கதவு ஆளுக்கொண்ணு. நடுவுல சுவரு.

பாகம் பிரிச்சப்ப வந்த வெனை. தெருவுல நாலு பேரு உக்காந்து பேசுனாங்க. முன்பாதி மூத்தவனுக்கு, பின்பாதி இளையவனுக்குன்னாங்க. பின்பக்கம் எடமும் கூடத்தான், கெணறும் அங்கதான் இருக்கு. நான் முடியாதுன்னுட்டேன். பின்பக்கம்னா எனக்கு வாசல் எது? சந்து. சந்துல என்ன இருக்கு? சாக்கடை. என்னைப் பாக்க வர்றவன் மூக்கைப் பொத்திக்கிட்டு, வேட்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வரணுமா? இளையவனாப் பொறந்துட்டா கொல்லைப்பக்கமாத்தான் போய் வரணுமா? நல்லா இருக்கே நாயம்!

சரி, அவனை எடுத்துக்கிடச் சொல்லுங்கன்னேன். அவனும் மசியல. மூத்தவன் சந்து வழியாப் போனா ஊரு சிரிக்கும்ன்னான். பேசிப் பேசிப் பாத்துட்டு அந்த நாலு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. கடைசில நீளவாக்குல கோடு போட்டுச் சுவரு எழுப்பியாச்சு. கொத்தனார் வாசல்கிட்ட வந்து நின்னு தலைல அடிச்சுக்கிட்டார். நிலையை அறுத்து ரெண்டு வாசலா ஆக்கிருவோம்ன்னார். அதுக்கு ரெண்டு பேருமே விடல. நவதானியம் போட்டு, மஞ்சள் பூசி, அப்பா வச்ச நிலை. வச்ச நிலையை அசைச்சா குடும்பத்துக்கு ஆகாது. அண்ணன் தம்பி நாங்க ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

அதனால சுவரு கதவு வரைக்கும் வந்து, கதவு சாத்துறதுக்காக நாலு விரக்கடை முன்னாடி நின்னுபோச்சு. இன்னைக்கும் அந்த இடுக்கு அப்படியேதான் இருக்கு. அவன் வீட்டுல மீன் பொரிச்சா எனக்குத் தெரியும். என் வீட்டுல பவளம் என்னைத் திட்டுனா அவனுக்குத் தெரியும்.

இது என்ன கதவு? பிளஷ் டோரா? பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தட்டிப் பாக்கலாமில்ல? இந்தா, கேளுங்க. உள்ள ஒண்ணுமில்லாத சத்தம். இதை வாசல்ல வச்சா வெளிய நின்னு ஒருத்தன் தும்முனா உள்ள இருக்கறவனுக்குச் சளி பிடிச்சிரும். படுக்கை ரூமுக்குச் சரி. எனக்கு வாசலுக்கு வேணும்.

நீங்க கதவு யாவாரம் பண்றவர், உங்களுக்குத் தெரியும். இரட்டைக் கதவுல ஒண்ணு முந்திச் சாத்தணும், ஒண்ணு பிந்திச் சாத்தணும். அண்ணன் கதவு முந்திச் சாத்துறது. அதுக்குக் கீழ ஒரு தாழ், தரைல குழிக்குள்ள எறங்கும். என் கதவோட ஓரத்துல ஒரு பட்டை அடிச்சிருக்கு. அது போய் அவன் கதவு மேல உக்காரும். என் கதவுல தாழ்ப்பாள், அதை வாங்கிக்கிடுற நாதாங்கி அவன் கதவுல. புரியுதா? நான் தொறந்தாத்தான் அவன் தொறக்க முடியும். அவன் சாத்துனாத்தான் நான் சாத்த முடியும். பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு பேருக்கு இப்படி ஒரு கதவு. எந்த எதிரிக்கும் வரக் கூடாது.

பேசுறதில்ல தம்பி. பாகம் பிரிச்ச அன்னைக்கு விட்டது. அவன் எனக்குப் பேரு சொல்ல மாட்டான், நான் அவனுக்கு மொறை சொல்ல மாட்டேன். கதவுதான் பேசும். காலைல அவன் வெளிய போகணும்னா தன் கதவுல ரெண்டு தட்டு தட்டுவான். நான் போய் என் கதவைத் தொறப்பேன். அவன் குடும்பத்தோட கல்யாணம் காச்சின்னு வெளியூர் போனா, வெளிய நின்னு கதவை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தட்டு தட்டுவான். நான் என் பக்கத்துல இருந்து இடுக்குக்குள்ள கையை விட்டு அவன் கதவோட கீழ்த்தாழை எறக்கணும். அதுவும் சும்மா எறங்காது. கதவைக் கால் பெருவிரலால ஒரு நெம்பு நெம்பிக்கிட்டு, தாழை லேசா உள்பக்கமாச் சாச்சுத் தள்ளணும். பவளத்தால குனிய முடியாது. அவன் கையோ உலக்கை மாதிரி, இடுக்குல நுழையாது. ஆக நான்தான். இத்தன வருசமா அவன் வீட்டுக்குக் கதவு சாத்துற சம்பளமில்லாத வேலைக்காரன் நான்.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். வீட்டுல இருந்துதான். கட் பண்ணிட்டேன், நீங்க காட்டுங்க.

இரும்புக் கதவா? மரம் மாதிரியே பெயிண்ட் அடிச்சிருக்கான், ஏமாந்துட்டேன். இதென்ன ஓட்டை, கண்ணாடி வச்சு? ஓ, உள்ள இருந்து யாரு வந்திருக்காங்கன்னு பாக்குறதுக்கு. எங்க வீட்டுல இது தேவையே இல்ல. எங்கண்ணனே போதும். ஒரு நாற்காலியைப் போட்டு வாசல்லயே உக்காந்திருப்பான். நான் ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் உக்காந்திருப்பான் தம்பி! எதுக்கு? பவளம் தொறந்து விடுவாளே எனக்கு, இவனுக்கு என்ன அங்க சோலி? நான் எத்தன மணிக்கு வர்றேன், குடிச்சிருக்கேனா, எவன்கூட வர்றேன்னு வேவு பாக்கத்தான். நான் தெருமுனை திரும்புனதும் எந்திரிச்சு உள்ள போயிருவான். ஒரு வார்த்தை கேக்க மாட்டான். பாத்தாச்சு, போதும். நான் ரிட்டயர்டு ஆன அன்னைக்கோட அந்த நாற்காலியும் காணாமப் போச்சு. பாத்தீங்களா, வேவு பாக்க ஒண்ணுமில்லேன்னதும் நிறுத்திட்டான்.

ஒரு ஐப்பசி மழைக்கு அவன் கதவு தண்ணி குடிச்சு ஊதிப்போச்சு. நிலைக்குள்ள வர மாட்டேங்குது. அது வராம என்னுது சாத்தாது. ஆசாரியைக் கூட்டியாந்தா, அவர் இழைப்புளியைக் கைல வச்சுக்கிட்டு எந்தக் கதவைச் சீவறதுன்னு கேக்குறார். ஊதுனது அவன் கதவுதானே, அதைச் சீவுங்கன்னு நான் பவளம் மூலமாச் சொல்றேன். உன் பட்டை நீட்டிக்கிட்டு இருக்கறதுதான் காரணம், அதைச் சீவச் சொல்லுன்னு அவன் மதினி மூலமாச் சொல்றான். மதினின்னா அவன் பெஞ்சாதி தவமணி. ஆசாரி காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் ரெண்டு பொம்பளைங்க மொகத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, இழைப்புளியைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு பழைய சேலையைச் சுருட்டி, ரெண்டு கதவு வளையத்துலயும் கோத்துக் கட்டி வச்சோம். ஒரு முனை அவன் கட்டுவான், ஒரு முனை நான் கட்டுவேன். முடிச்சுப் போடுறப்ப அவன் விரல் என் விரல்ல இடிக்கும். எடுத்துக்கிட மாட்டான். நானும் எதுக்கு எடுக்கணும்?

டீ வந்துருச்சா. அங்க வைங்க, ஆறட்டும்.

இவ்வளவும்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஆனா என் மக தேன்மொழி கல்யாணத்துல செஞ்சான் பாருங்க ஒரு காரியம், அதைத்தான் தாங்க முடியல. நான் அவனுக்கு நேர்ல பத்திரிகை வைக்கல. பவளம் போய் மதினிகிட்ட குடுத்தா. வந்தான். ஓரமா நின்னான், சாப்பிட்டான். மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புற நேரம். பாதி வாசல்ல, பட்டுச் சேலையும் மாலையுமா அவ ஒடுங்கி ஒடுங்கி வெளிய வரப் பாக்குறா. இவன் விறுவிறுன்னு போய்த் தன் கதவைச் சுவரோட சாயுற மாதிரி விரியத் தொறந்துட்டு, அவன் வீட்டுப் பக்கம் போட்டிருந்த செருப்பு, வாளி எல்லாத்தையும் எடுத்து ஒதுக்கிட்டு, நெஞ்சுல கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். போட்டோவுல பாத்தா எம்மக முழு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. ஊரே அவனைத்தான் பேசுச்சு. பெத்துராஜ் பெருந்தன்மையைப் பாத்தியான்னு பேசுச்சு. என் மக கல்யாணத்துல பேரு வாங்குனவன் அவன். தேன்மொழியும் அழுதுக்கிட்டே போய் அவன் கால்லதான் மொதல்ல விழுந்தா. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், தனிக் கதவு போட்டுரணும்னு. பண்ணி என்ன, இன்னைக்குத்தான் நேரம் வந்துச்சு.

இன்னைக்கு என்னன்னா, அவன் போறான். ஓசூருக்கு. அவன் மகன் அங்க கம்பெனில இருக்கான், கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். மதினிக்கு முட்டி தேஞ்சுபோச்சு, இனிமே இங்க தனியாச் சமாளிக்க முடியாது. ஒரேயடியாப் போறாங்க. காலைல லோடு வேன் வந்து வாசல்ல நின்னுச்சு. பீரோ, கட்டில், ஆட்டுக்கல்லு எல்லாத்தையும் ஏத்துறானுங்க. நான் பல்லு விளக்கிட்டு வந்து பாக்குறேன், வாசலே தெரியல, வேன்தான் தெரியுது. சட்டையை மாட்டிக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். நமக்கு எதுக்கு அந்தப் பக்கத்து விவகாரம்?

இதுல அவன் பண்ணியிருக்கற தந்திரத்தைக் கேளுங்க. நேத்து மதினியை அனுப்பி, அவங்க பக்கத்து சாவிக்கொத்தைப் பவளம் கைல குடுத்துட்டான். எங்க பாகத்தையும் அவனே வச்சுக்கிடட்டும், சுவரை வேணும்னா எடுத்துக்கிடட்டும்னு சொல்லி அனுப்பியிருக்கான். வாசல் முழுசும் எனக்காம். எதுக்குங்க? நான் கேட்டேனா? இத்தன வருசம் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காதவன் இப்ப மொத்தமாத் தூக்கிக் குடுத்துட்டுப் போறான்னா என்ன அர்த்தம்? கடைசியிலயும் அவன்தான் பெரியவன்னு காமிக்கணும். அவ்வளவுதான். சண்டை போடுறதுக்குக்கூட ஆளில்லாமப் பண்ணிட்டுப் போறான்.

இல்ல, கோவமெல்லாம் இல்ல தம்பி. நான் ஏன் கோவப்படப் போறேன்.

நல்ல கேள்விதான் கேக்குறீங்க. முழு வாசலும் கெடைச்ச பிறகு ஒத்தைக் கதவு எதுக்குன்னு. அது வந்து... இருக்கட்டும். ஒண்ணு வாங்கி வைப்போமேன்னு. இதென்ன இது, கையை எடுத்ததும் தானா சாத்துது? மேல ஒரு இரும்புக் கை வச்சிருக்கானே, அதுதான் இழுக்குதா? ஆளே தள்ள வேணாமா? இருங்க, இன்னொரு தடவை தொறந்து விடுறேன். போகுது பாருங்க. ஒரு சத்தமில்ல, தட்டு இல்ல. சாத்திருச்சு. நல்லா இல்ல தம்பி. ஆஸ்பத்திரிக் கதவு மாதிரி இருக்கு. அங்கிட்டு வைங்க இதை.

மறுபடியும் போன். பேசிட்டு வச்சுர்றேன், இல்லேன்னா விட மாட்டா.

சொல்லு பவளம். ... விருதுநகர்ல. ... கதவு பாக்க வந்தேன். ... ஏத்தியாச்சுன்னா போகச் சொல்லு, நான் என்ன வேன் ஓட்டவா போறேன்? ... எதுக்கு அழுகுற? அழுகாதங்கிறேன். ... வேலையா இருக்கேன், வை.

சாமான் எல்லாம் ஏத்தியாச்சாம். மதினி வேனுக்குள்ள ஏறி உக்காந்தாச்சாம். இவன் மட்டும் வாசல்லயே நிக்கிறானாம். பொறப்பட வேண்டியதுதானே? அங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிறான்? ஓ, கதவு. அவன் கதவைச் சாத்தணும்ல. வெளிய நின்னு சாத்துனா உள்ள தாழ் போட நான் வேணும். நான் போகாம அவன் வீட்டைச் சாத்த முடியாது. சாத்தாம எறங்க மாட்டான். நிக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நான் இன்னும் கதவே பாத்து முடிக்கல. அந்தக் கடைசில அடுக்கியிருக்கறது என்ன? பிளாஸ்டிக்கா? அதையும் காட்டுங்க. குளியலறைக்குப் போடுறதா இருந்தா என்ன, காட்டுங்க, பாக்குறதுக்கென்ன. ஒண்ணொண்ணா எடுங்க. மெதுவாவே எடுங்க.

இந்தா, திரும்பவும். இவ ஒருத்தி. ஹலோ. சொன்னேன்ல பவளம், நான் வேலையா...

யாரு?

ம். ... ம். ... கதவுக் கடையில. ... சாப்பிட்டேன். ... இல்ல, சாப்பிடல. ... இங்க வெயில்தான். ... தெரியும், பவளம் சொன்னா. ... ம்.

என்ன சொன்ன? ... வேணாம். ... வேணாங்கிறேன்ல. எதுக்கு? யாரு உன்னைய அப்படிப் போகச் சொன்னது? ... எனக்கு ஒரு வேலையும் இல்ல, கழுதை வேலை. ... அண்ணே. அண்ணே, நான் சொல்றதக் கேளு. நீ அங்கயே நில்லு. இல்ல, உக்காரு. நாற்காலியெல்லாம் வேனுக்குள்ள போயிருச்சுன்னா எங்க பக்கத்துல இருந்து எடுத்துப் போட்டு உக்காரு. வாசல்லயே உக்காரு. வந்துட்டேன். வந்துட்டேண்ணே.

தம்பி, என்ன சொல்றான்னு கேட்டீங்களா. பவளம் போன்ல இருந்து அவன் பேசுறான். எத்தன வருசம் கழிச்சு! 'சீனி'ங்கிறான். பாகம் பிரிக்கறதுக்கு முந்தி கூப்பிடுவானே, அதே மாதிரி கூப்பிடுறான். 'சீனி, உனக்கு வேலை இருந்தா நீ இருந்து பாத்துட்டு வா. அலையாத. நான் உள்ள இருந்தே கதவைச் சாத்தித் தாழ் போட்டுட்டு, பின்பக்கமா சந்து வழியா வெளிய வந்துர்றேன்'ங்கிறான்.

சந்து வழியா தம்பி! எங்கண்ணன்! பெத்துராஜ் அந்தச் சாக்கடையைத் தாண்டி, வேட்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பின்வாசல் வழியாவா ஊரை விட்டுப் போகணும்? நான் ஒருத்தன் உசுரோட இருக்கேன்ல? தெருவுல நிக்கிறவன் எல்லாம் பாப்பான்ல? என்னை அலைய விடக் கூடாதாம், அதுக்காக அதுவும் செய்வானாம். கோவம்னு நெனச்சேன். கோவம் இல்ல தம்பி. அவன் போறான். நான் போய்ச் சாத்துனா அவன் போயிருவான், அதுதான் இங்க வந்து நிக்கிறேன். காலைல இருந்து அதுதான்.

கதவு வேணாம். மன்னிச்சுக்கிடுங்க, எல்லாத்தையும் இழுத்துப் போட வச்சுட்டேன். டீ இருக்கட்டும். அருப்புக்கோட்டை பஸ் இந்தப் பக்கமே நிக்குமா, எதிர்த்த பக்கமா? ஆட்டோன்னா சீக்கிரம் போயிருமா? கூப்பிடுங்க, ஒரு ஆட்டோ கூப்பிடுங்க. மத்தியானத்துக்குள்ள அவங்க பொறப்படணும், மதினி கால நீட்ட முடியாம வேன்ல உக்காந்திருக்கும். நான் போய் அவனை முன்வாசல்ல எறக்கி விட்டுட்டு, உள்ள வந்து கையை விட்டுத் தாழைப் போடணும். நான்தான தம்பி சாத்தணும். வேற யாரு இருக்கா சாத்துறதுக்கு.